கடவத்தை முத்திரையும் வலையமைப்பின் முதலாம் இலக்கமும்

கண்டியரசின் வழிகளைக் காத்து நின்ற முட்கதவுகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660 ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்த அவர், 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். ஆணி போன்ற முட்கள் நிறைந்த கொம்புகளை நெருக்கமாகப் பின்னிக் கதவாக்கி, யானை மீதிருப்போரும் செல்லத்தக்க உயரமுள்ள நிலையொன்றில் மேலிருந்து தொங்கவிடுவர் என்றும், வேண்டும்போது தூக்கி, வேண்டாதபோது தாழ்த்திக் கயிற்றாற் கட்டுவர் என்றும் அவர் கூறுகின்றார். கடவத்தை என்னும் ஊர்ப்பெயரில் இன்றும் எஞ்சி நிற்பது இத்தகைய காவலிடங்களின் நினைவேயாம்.

அரசன் தங்கியிருந்த நகரிலிருந்து வெளியேறும் வழிகளிலே காவல் மிகக் கடுமையாயிருந்தது. அனுமதி பெறாதார் கடவத்தையைக் கடத்தல் அரிது. அவ்வனுமதி ஓலையில் எழுதப்பட்டதன்று. களிமண்ணிற் பதிக்கப்பட்ட முத்திரையாகும். போர்வீரனுக்கு ஈட்டியைத் தோளிற் சாத்திய மனிதனுருவும், கூலியாளுக்குத் தண்டின் இரு முனையிலும் பை தொங்கச் சுமந்து செல்லும் மனிதனுருவும், வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடைய மனிதனுருவும் பதிக்கப்பட்டன. கூட்டமாகச் செல்வோர் எத்தனை பேரோ அத்தனை பதிவுகள் மண்ணில் இருத்தல் வேண்டும். நகருக்குள் வருவோரைக் காட்டிலும் வெளிச்செல்வோரையே காவலர் துருவிச் சோதித்தனர் என்பதும் நொக்ஸ் தரும் செய்தி.

இவ்வேற்பாட்டிலே கருதத்தக்கவை சில உள. முத்திரை ஆளுடைய பெயரைக் கூறாது, அவன் எவ்வகுப்பினன் என்பதையே கூறிற்று. ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனிப் பதிவு இருந்தது. யாவற்றினும் மேலாக, முத்திரையைப் பதித்தது அரசவை. வழிப்போக்கன் தானே மண் பிசைந்து தனக்கொன்று செய்துகொள்ளல் இயலாது. மூன்று நூற்றாண்டுகள் கழித்துக் கணினி வலையமைப்புகளை வகுத்தோர், கண்டியின் கடவத்தையைக் கேள்வியுற்றிராத போதிலும், இதே முடிபுகளைத் தாமாகவே வந்தடைந்தனர். ஆயின், முத்திரையின்றி வருபவனை என் செய்வது என்ற வினாவுக்கு முட்கதவின் காவலன் அளித்த விடையும் இவர்கள் அளித்த விடையும் வேறு. அவன் நிறுத்தினான், இவர்கள் ஓரிலக்கம் கொடுத்து உள்ளே விட்டனர். அவ்விலக்கம் ஒன்று. அது வந்த வரலாறும், அதனால் விளைந்த இடரும், அதனை இன்று ஆளும் முறையும் அறியத்தக்கன.

கணினிகளை அண்மையில் அண்மையாக இணைக்கும் ஈதர்நெற் என்னும் முறையை 1973 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலுள்ள ஸெறொக்ஸ் ஆய்வு நிலையத்தில் றொபேட் மெற்காஃப் வகுத்தார். 1980 இல் மூன்று நிறுவனங்கள் கூடி அதற்கு விதி எழுதின. 1983 இல் அது மின்பொறியியலாளர் கழகத்தின் 802.3 என்னும் நியமமாயிற்று. தொடக்கத்தில் ஈதர்நெற் என்பது ஒரே தடித்த கம்பி. அதில் ஒருவர் பேசுவதை இணைந்தோர் யாவரும் கேட்பர். தம் முகவரிக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுவர். அன்றியும், இன்ன முகவரியுடையார் யார் என்று ஒரு கணினி கூவி வினவும்போது அக்கூவல் அனைவரையும் சென்றடைதல் வேண்டும். பத்துப் பேர் உள்ள மண்டபத்தில் இது தொல்லையன்று. ஆயிரம் பேர் உள்ள மண்டபத்தில் கூவல்களே பேச்சாகிவிடும். ஒருவர் மறைவாகப் பேசுதற்கும் இடமிராது.

இத்தொல்லை எத்தகையது என்பதைப் பேராதனையின் நிலவமைப்பைக் கொண்டு எளிதில் உணரலாம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் கொழும்பிலிருந்து அந்தானை மலைச்சாரலுக்கு வந்து சேர்ந்தது. 1964 இல் வந்த பொறியியற் பீடம் மாவலி கங்கையின் மறுகரையில் அமைந்தது. அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி முதலிய மாணவர் இல்லங்கள் மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கின்றன. இத்தகைய வளாகத்தில் ஒரே தொழிலுடையோர் ஒரே கட்டடத்தில் இருப்பதில்லை. கணக்கெழுதுவோர் நிருவாகக் கட்டடத்திலும் இருப்பர், ஒவ்வொரு பீடத்தின் அலுவலகத்திலும் இருப்பர். அவ்வலுவலகத்துக்கு அடுத்த அறையிலேயே மாணவர் கணினிக்கூடம் இருக்கும். கம்பி சுவரைப் பார்த்துச் செல்கின்றது. தொழிலோ ஆளைப் பார்த்துச் செல்கின்றது. 1990 ஆம் ஆண்டில் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கி, பின்னர் நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒருங்கிணைத்த இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு வளர்ந்த காலத்தில், உலகெங்கும் பெரிய வளாகங்களை எதிர்நோக்கிய சிக்கல் இதுவே.

கம்பியை மாற்றாது கூட்டத்தைப் பிரிக்கும் வழியை 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய டேவிட் சின்கோஸ்கி ஆராய்ந்தார். 1988 இல் சேஸ் கொற்றன் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்றாகும். இருவரும் கருதியது நகரளவான பெரு வலையமைப்பை. ஆயினும் அவர்தம் கருத்து விரைவில் அலுவலகங்களுக்குள் நுழைந்தது. 1990 இற் கல்பனா என்ற நிறுவனம் முதலாவது ஈதர்நெற் சுவிச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கற்பனை என்னும் பொருளுடைய இந்தியப் பெயர் தாங்கிய அந்நிறுவனத்தை 1994 இற் சிஸ்கோ விலைக்கு வாங்கிற்று. பாடநூல்களில் ஆளி எனப்படும் இச்சுவிச்சு, வந்த செய்தியை எல்லாத் துறைகளிலும் எதிரொலிக்காது, உரியவரிருக்கும் துறைக்கு மட்டுமே அனுப்ப வல்லது. ஒரே ஆளியின் துறைகளை இலக்கமிட்டுப் பிரித்துவிட்டால், 10 ஆம் இலக்கத் துறைகளின் கூவல் 20 ஆம் இலக்கத் துறைகளைச் சேராது. இவ்வாறு பிரிந்த கூட்டமே மெய்நிகர் இடத்துரி வலையமைப்பு, தொழில்வழக்கில் வீலான்.

ஒரு கட்டடத்தின் ஆளிக்கும் மறு கட்டடத்தின் ஆளிக்கும் இடையே வீலானுக்கு ஒன்றாகக் கம்பியிழுத்தல் ஆகாது. ஒரே இணைப்பு எல்லாவற்றையும் சுமத்தல் வேண்டும். வெளியூர்த் தொலைபேசியை டிரங்க் கோல் என்று சொல்லிப் பழகிய முதியோர்க்கு இவ்விணைப்பின் பெயர் புதிதன்று. இதுவும் டிரங்க் எனவே வழங்கும். கொழும்பிலிருந்து ஏறும் இருப்புப்பாதை இதற்கு நல்ல உவமை. கண்டிக்குரிய பெட்டியும் நாவலப்பிட்டிக்குரிய பெட்டியும் கடுகண்ணாவைக் கணவாயை ஒரே தண்டவாளத்திலேயே ஏறுகின்றன. பேராதனைச் சந்தியிலேதான் பிரிகின்றன. பெட்டியின் மேல் எழுத்தில்லையேல் சந்தியிலுள்ளவர் எதனைக் கொண்டு பிரிப்பார்? டிரங்க் வழியே செல்லும் ஒவ்வொரு சட்டகத்துக்கும், அஃதாவது ஒவ்வொரு செய்திப் பொதிக்கும், இன்ன வீலானைச் சேர்ந்தது என்ற அடையாளம் இடவேண்டியதாயிற்று. அரசவை முத்திரையிட்டது போல ஆளியே அதனை இடும். கணினி அதனை அறியாது.

அடையாளமிடும் முறை இரண்டு எழுந்தன. சிஸ்கோவின் சொந்த முறையான ஐஎஸ்எல், சட்டகம் முழுவதையும் ஓர் உறைக்குள் இட்டு, முன்னே 26 பைற்றும் பின்னே 4 பைற்றுமாக 30 பைற்றுச் சேர்த்தது. உறையில்லாத சட்டகம் அத்தகைய டிரங்கில் வந்தால் வீசப்பட்டது. முட்கதவின் நீதி இதுவே. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் உடைமை. எல்லா நிறுவனத்தாரும் ஏற்கும் நியமமாக 1998 ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது 802.1கியூ. இது உறையிடுவதில்லை, சட்டகத்தினுள்ளே அனுப்புநர் முகவரியை அடுத்து 4 பைற்றுச் சீட்டொன்றைச் செருகுகின்றது. அச்சீட்டில் வீலானுக்கு ஒதுக்கியது 12 பிற்று. ஆகவே இலக்கங்கள் 4,096. முதலும் ஈறும் வேறு தேவைக்கு விடப்பட, எஞ்சியன 4,094.

நியமம் எழுதியோர் ஓர் இக்கட்டிற் சிக்கியிருந்தனர். உலகெங்கும் அந்நாளில் இயங்கிய பழைய ஈதர்நெற் கருவிகள் இச்சீட்டை அறியா. சட்டகத்தின் பேரளவு 1,518 பைற்று என்பதே அவை கற்ற பாடம். சீட்டுச் செருகினால் 1,522 ஆகின்றது. பழங்கருவிகளை ஒரே நாளிற் குப்பையில் எறியும்படி கூறும் நியமத்தை எவரும் கைக்கொள்ளார். எனவே சீட்டுள்ளதும் இல்லாததும் ஒரே இணைப்பிற் கலந்து செல்லலாம் என இசைந்தனர். சீட்டில்லாச் சட்டகம் ஒரு துறையில் வந்தால், அத்துறைக்கென முன்னரே குறித்துள்ள இலக்கத்தை அதற்கு உரியதாகக் கொள்க என்றும், எவரும் குறிக்காதவிடத்து அவ்விலக்கம் 1 ஆகுக என்றும் விதித்தனர். காவலனுக்கு இருவகைக் கட்டளைகளையும் நியமம் வகுத்துத்தான் இருந்தது: சீட்டுள்ளதை மட்டும் விடுக என்பது ஒன்று, யாவற்றையும் விடுக என்பது மற்றொன்று. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த புதிய ஆளியில் நடப்பிலிருப்பது இரண்டாவது கட்டளையே. இது சோம்பலால் நேர்ந்ததன்று. பழையதும் புதியதும் சேர்ந்து வாழ்தற்குச் செய்துகொண்ட உடன்பாடு அது. குறை யாதெனின், பழங்கருவிகள் மறைந்த பின்னும் உடன்பாடு மறையவில்லை என்பதே.

டிரங்கிற் சீட்டின்றிச் செல்லும் அவ்வொரு வீலானைச் சிஸ்கோவினர் நேற்றிவ் வீலான் என்றனர். சுதேச வீலான் எனத் தமிழிற் சொல்லலாம். ஆங்கிலேயராட்சியில் அச்சொல் எத்தொனியில் வழங்கிற்று என்பதை அறிந்த இந்நாட்டார்க்கு, உரிமைச் சீட்டு வேண்டாது நடமாடும் ஒன்றுக்கு அப்பெயர் வாய்த்தது வியப்பாகவே தோன்றும். தொடக்கத்தில் சுதேச வீலானும் 1. எவரும் இலக்கமிடாத துறைகள் யாவும் 1. சிஸ்கோ ஆளியைத் தொலைவிலிருந்து ஆளும் முகவரிக்கு முதலில் அமைந்திருக்கும் இடமும் 1. ஆளிகள் தமக்குள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளப் பேசும் பேச்சும் 1. இவை நான்கும் வெவ்வேறு கருத்துக்கள். ஒரே இலக்கத்திற் குவிந்தமையால் இவை ஒன்றே எனப் பலர் மயங்குகின்றனர். மாணவர் இவ்விடத்திலேயே பெரும்பாலும் இடறுகின்றனர்.

இக்குவிப்பின் விளைவைக் கல்லூரியளவில் எண்ணிப் பார்க்கலாம். அதிபர் அலுவலகத்திலே புள்ளிப் பதிவேடும் மாணவர் விவரமும் வைத்த கணினி, நூலகத்தில் ஒன்று, கணினிக்கூடத்தில் முப்பது. ஆளியை வாங்கி, கம்பியைச் செருகி, விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால், எல்லாம் 1 ஆம் வீலானிலேயே இருக்கும். கணினிக்கூடத்தில் விளையாட்டாக ஒரு மாணவன் ஓடவிடும் நிரல் அதிபரின் கணினியையும், ஆளியின் திறவுகோற் பக்கத்தையும் ஒருசேரத் தட்டிப் பார்க்க இயலும். தடுப்பதற்கு அங்கே முட்கதவு ஒன்றுமில்லை.

பிரிவுகளை ஒழுங்காக வகுத்த இடத்திலும் டிரங்கின் இரு முனைகளும் ஒவ்வாதிருத்தல் உண்டு. ஒரு முனையிற் சுதேச வீலான் 1 எனவும் மறுமுனையில் 99 எனவும் இருப்பின், அங்கே 1 இலிருந்து சீட்டின்றிப் புறப்பட்ட சட்டகம் இங்கே 99 இற் சேர்ந்துவிடும். எவரும் தாக்கவில்லை, எதுவும் பழுதாகவில்லை, இரு கூட்டங்கள் மட்டும் ஓசையின்றிக் கலந்துவிட்டன. சிஸ்கோ ஆளிகள் தம்முட் பேசும்போது இவ்வொவ்வாமையைக் கண்டு நிகழ்வேட்டில் எச்சரிக்கை எழுதுகின்றன. சில வேளைகளில் அவ்வீலான்களை அத்துறையில் அடைத்தும் விடுகின்றன. வெவ்வேறு நிறுவனத்தாரின் ஆளிகள் எதிரெதிர் நின்றால் இவ்வெச்சரிக்கையை எதிர்பார்த்தல் இயலாது.

இரட்டைச் சீட்டு உபாயம் இன்னும் நுட்பமானது. வழிப்போக்கன் தன் மடியிலே தானே செய்த இரண்டு முத்திரைகளைக் கொண்டு வருகின்றான் என்க. அவனிருக்கும் துறையும் டிரங்கின் சுதேச வீலானும் ஒரே இலக்கம், அஃதாவது 1. அவன் அனுப்பும் சட்டகத்தில் வெளிச்சீட்டு 1. அதனுள்ளே மறைந்த சீட்டு 20. முதலாம் ஆளி வெளிச்சீட்டைக் கண்டு, இது 1 ஆம் வீலானுக்குரியது, டிரங்கில் 1 சீட்டின்றிச் செல்லவேண்டியது என அதனை உரித்து அனுப்புகின்றது. இரண்டாம் ஆளியின் கண்ணுக்குத் தெரிவது உட்சீட்டு 20. அரசவை பதித்தது என்று நம்பி, 20 ஆம் வீலானுக்குள் அதனை விட்டுவிடுகின்றது. மறுமொழி அவ்வழியே திரும்பாது; உபாயம் ஒருவழிப் பயணமே. ஆயினும் சில கேடுகளுக்கு ஒருவழியே போதும். இதிலே ஆளிகள் இரண்டும் விதி வழுவவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொன்றும் நியமம் கூறியதையே செய்தது. சீட்டில்லாததற்கு இடங்கொடுத்த பழைய உடன்பாடே வாயிலாயிற்று.

இவ்வுபாயம் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆள் உட்கார்ந்திருக்கும் துறையின் இலக்கமும் சுதேச வீலானின் இலக்கமும் ஒன்றாதல். அதனை முறித்தால் உபாயம் முறிந்தது. ஆதலால் வலையமைப்பை ஆள்வோர் சுதேச வீலானுக்கு 999 போன்ற, வேறெங்கும் வழங்காத இலக்கமொன்றைக் கொடுத்து, எந்தக் கணினியின் துறையையும் அதிற் சேர்க்காது விடுகின்றனர். யார் தெரியாமற் சீட்டின்றி வந்தாலும் வெற்று மண்டபத்திற்குள் நுழைவர். சில ஆளிகளில் சுதேச வீலானுக்கும் சீட்டிடுக எனக் கட்டளையிடலாம். அப்போது ஐஎஸ்எல் முறையின் கண்டிப்பு மீண்டுவிடுகின்றது. டிரங்கிற் செல்லத்தகும் வீலான்களைப் பெயர் குறித்து அனுமதித்தல், வழங்காத துறைகளை மூடிவைத்தல், எதிர்முனையோடு பேசித் துறை தானே டிரங்காக மாறும் இயல்பை நிறுத்துதல், ஆளியை ஆளும் முகவரியைத் தனி வீலானுக்கு மாற்றுதல் என்பனவும் உடன் செய்யத்தக்கன. தானே டிரங்காகும் இயல்பை விட்டுவைத்தால், கணினியொன்று ஆளி போல நடித்து எல்லா வீலான்களையும் தன்னிடம் வரவழைத்துக் கொள்ளலாம். அதன் முன் இரட்டைச் சீட்டு வீண் சிரமம்.

செய்யும் வரிசையும் முக்கியமானது. நூல்கள் இதனைப் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரை ஆளியை 1 ஆம் வீலான் வழியாகவே ஒருவர் ஆண்டு வருகின்றார் என்க. அருகிலுள்ள முனையை முதலில் மாற்றினால், அக்கரையிலிருந்து சீட்டின்றி வரும் மறுமொழிகள் 999 இற் சென்று விழும். அக்கரை ஆளி எட்டாப் பொருளாகிவிடும். பாலத்தைக் கடந்து நேரிற் சென்று கம்பி செருகித்தான் திருத்தவேண்டும். தூர முனையை முதலில் மாற்றினாலும் தொடர்பு அறும். ஆனால் அப்போது மாற்றவேண்டிய மற்ற முனை கையருகே இருக்கின்றது. அதனையும் மாற்றியவுடன் தொடர்பு மீளும். அனுபவமுள்ளோர் இதனோடு மற்றொன்றும் செய்வர். தூர ஆளியில் மாற்றத்தை நிலையாகச் சேமிக்குமுன், பத்து நிமிடத்தில் அது தானாகவே மறுபடி தொடங்குமாறு கட்டளையிட்டு வைப்பர். பிழை நேர்ந்தால் ஆளி பழைய நிலைக்குத் திரும்பும்; பிழையில்லையேல் கட்டளையை நீக்கிவிட்டுச் சேமித்துக் கொள்வர்.

சீட்டில்லாச் சட்டகத்தை முற்றாக ஒழித்தல் நன்றா எனின், எல்லாவிடத்தும் நன்றன்று. மேசைத் தொலைபேசியின் பின்னால் கணினியைச் செருகும் அலுவலகங்களில், குரல் சீட்டுடனும் கணினியின் சட்டகம் சீட்டின்றியும் ஒரே கம்பியில் வருகின்றன. கம்பியில்லா இணைப்புப் பெட்டிகள் பலவும் தம்மை ஆளும் பேச்சைச் சீட்டின்றியே நடத்துகின்றன. 1998 இன் உடன்பாடு இங்கெல்லாம் இன்றும் உயிரோடு பயன்படுகின்றது. ஆகவே சுதேச வீலான் இருத்தல் கூடாது என்பது பேச்சன்று. அதன் இலக்கத்தை ஒருவர் அறிந்து தெரிந்தெடுத்தாரா, தொழிற்சாலை இட்டபடி விட்டாரா என்பதே கேள்வி.

இவ்வளவு செய்த பின்னும் 1 எஞ்சி நிற்கும். சிஸ்கோ ஆளியில் 1 ஆம் வீலானை டிரங்கின் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கினாலும், ஆளிகள் தம்முட் பேசும் பேச்சு அவ்விலக்கத்திலேயே தொடர்ந்து செல்கின்றது. அதனை அழிக்குமாறு கட்டளையிட்டால், அஃது இயல்புநிலை வீலான் எனக் கூறி ஆளி மறுத்துவிடுகின்றது.